வெயில் ஊரில் மைனஸ் ஆறு

மனித மூளையை முழுசாகக் கெடுக்கும் சக்தி இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உண்டு, அது தொடர் நாடகம் என்பது என் மாமாவின் கண்டுபிடிப்பு. குடியை விட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். சீட்டாட்டத்தை விட்டவர்களோடு கைகுலுக்கியிருக்கிறார். ஒரு தொடரின் நாற்பதாவது பாகத்தைத் தாண்டிய மனிதன் திரும்பி வந்ததாக மட்டும் சரித்திரமே இல்லை.

“ஒரு துப்பறிவாளன் கண்ணுல தண்ணி வந்தா அதுக்கு ரெண்டே காரணம்தான் இருக்கலாம். ஒண்ணு வெங்காயம், ரெண்டு கண்ணீர்ப்புகை. மூணாவதா ஒண்ணு இருந்தா அவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்ல” என்றார் அன்று மத்தியானம், மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, பெரிய சபையில் முழங்குகிறவர்போல. சபையில் நான் ஒருவன்தான் இருந்தேன். நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உரைக்குக் காரணம் என் அக்கா. மாமா வீட்டுக்குப் போன் செய்தபோது பின்னால் ஏதோ ஒரு தொடரின் சோக வயலின் கேட்டிருக்கிறது. அக்காவும் மூக்கை உறிஞ்சியபடி “அப்புறம் பேசறேன், இப்பத்தான் அவளுக்கு உண்மை தெரியப்போகுது” என்று சொல்லி வைத்துவிட்டாள். பதினோரு வருடமாகப் பிறர் ரகசியங்களைக் கண்டுபிடித்துப் பிழைக்கும் ஒருவருக்கு இது தாங்கக்கூடிய அவமானம் இல்லை.

எங்கள் நிலையம் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ‘ரகசியத் துப்பறியும் நிலையம்’ என்ற பலகை பேருந்து நிறுத்தத்திலிருந்தே தெரியும். அதில் ‘ரகசிய’ என்பதற்கு மட்டும் மாமா சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார். அக்காவின் கணவர் என்பதால் எனக்கு அவர் மாமா. வாடிக்கையாளர் உள்ளே வந்துவிட்டால் சார். இந்தச் சட்டத்தை நான் மீறினால் அன்றைக்கு டீ கிடையாது.

மூன்றரை மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் நடுவயது, தோளில் துணிப்பை. பின்னால் வந்தவள் உயரமான இளம்பெண், ஆஸ்பத்திரி வார்டு ஊழியர்களின் வெளிர்நீலச் சட்டையில் இருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. இருவருக்கும் முகம் முழுக்க வேர்வை.

துணிப்பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து, அடிபட்ட புறாவை வைப்பதுபோல மேசைமேல் வைத்தார் அந்த அம்மாள்.

“சார், நாலு நாளா இதுல இன்டர்நெட் வரல.”

நாங்கள் ரிப்பேர் பார்ப்பதில்லை என்று மாமா கம்பீரமாகச் சொன்னார். ரிப்பேர்காரன் பார்த்துவிட்டான், மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டான் என்றார் அம்மாள். அணைத்துப் போட்டாயிற்று, சார்ஜ் ஏற்றியாயிற்று, உறையைக் கழற்றித் துடைத்துக்கூடப் பார்த்தாயிற்று. இது கோளாறு இல்லை, குற்றம். குற்றவாளியின் விலாசம்கூடத் தன்னிடம் இருக்கிறது என்றார். மாமாவின் முதுகு நிமிர்ந்தது.

அந்த அம்மாள் ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி. நாளைக்குக் காலை லைசென்ஸ் தேர்வு. தேர்வுக்குப் போகிறவர்களின் பட்டியலைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அதையும் அவர்கள் பதிந்துவைத்திருக்கும் இந்த ஒரே டேப்லெட்டிலிருந்துதான் அனுப்ப முடியும். வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். கருவியை மாற்ற மனு கொடுத்தால் பதினைந்து நாள்.

பட்டியலில் ஒரே ஒரு பெயர். அது இந்த உயரமான பெண்ணுடையது. ஆறு வருடமாக வார்டில் தள்ளுவண்டி தள்ளியவளுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆள். அடுத்த தேர்வு இரண்டு வாரம் கழித்து.

“நான் நல்லா ஓட்டுவேன் சார்” என்றாள் அவள். “ரிவர்ஸ்தான் இன்னும் ரெண்டு கிளாஸ் எடுத்திருக்கலாம். அந்த ரெண்டு கிளாஸும் பனியில பிரேக் போடறதுக்கே போயிடுச்சு.”

மாமா இதைக் காதில் வாங்கவில்லை. அவர் அதற்குள் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வாங்கினேன், ஆனால் வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

டிரைவிங் ஸ்கூல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரு ஹால், சுவர் முழுக்க சாலைக் குறிகள், மூலையில் வெட்டித் திறந்து வைத்த ஒரு பழைய எஞ்சின். எல் போர்டு மாட்டிய இரண்டு கார்களில் ஒன்று வாசலில் நின்றது. இன்னொன்று நான்கு மணி வகுப்புக்கு முன்கூட்டியே கிளம்பியிருந்தது. அதை எடுத்துப் போயிருந்தவர் அம்மாளின் அண்ணன். இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவர், இப்போது இங்கே வாத்தியார். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டல்லவா, அதிலிருந்து கால் எடுக்காதவர் என்பதால் ஊரே அவரைப் பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

ஹாலுக்குள் போனதும் மாமா பூதக்கண்ணாடியை எடுத்தார். பதினோரு வருடமாக அவர் அதை ஓட்டல்களில் விலைப்பட்டியல் படிக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறார். அதை வைத்து வைஃபை பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதன் விளக்குகள் எல்லாம் பச்சையாகவே கண் சிமிட்டின. நான் அம்மாளிடம் கடவுச்சொல் கேட்டு என் போனை அந்த வைஃபையில் இணைத்தேன். சட்டென்று வந்தது. டேப்லெட்டிலும் வைஃபை சின்னம் முழுசாக விரிந்து நின்றது. எதையாவது திறந்தால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“குழாய்ல தண்ணி வருது மாமா. நாம எல்லாரும் குளிக்கிறோம். இவன் மட்டும் பக்கெட்டோட நிக்கிறான்” என்றேன்.

“சார்” என்றார் மாமா.

“இவன் மட்டும் நிக்கிறான் சார்.”

அம்மாள் தன் வாதத்தை வைத்தார். எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு டிரைவிங் ஸ்கூல் வந்திருக்கிறது. அது வந்து மூன்று வாரம். தன் டேப்லெட் கிறுக்குப் பிடித்ததும் ஏறக்குறைய அதே சமயம். போன வாரம் இவர் அனுப்பிய ஒரு விண்ணப்பத்துக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. வாசலைத் தாண்டினாலே வேர்க்கிற தன்னை வெளிநாட்டுக்காரி என்று கிண்டல் பண்ண அங்கே இருக்கும் குமாஸ்தாவுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? எதிர்க்கடைக்காரன்தான். அதற்கு இரண்டு நாள் கழித்து மொத்த நெட்டும் போச்சு.

மாமா நோட்டுப் புத்தகத்தில் ‘எதிர்க்கடை’ என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார். வழக்கு முடிந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

நான்கு மணிக்குத் தெருவைக் கடந்தோம். மாமா மாறுவேடத்தில் வந்தார். அதாவது தொப்பியைக் கழற்றிவிட்டார். கார் கற்றுக்கொள்ள வந்திருக்கும் மாணவர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். எதிர்க்கடைக்காரர் ஒல்லியான, சிரித்த முகக்காரர். எங்கள் கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார், எதிர்ச் சன்னலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்தார், எங்களுக்கு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

“அக்கா அனுப்பிச்சாங்களா?” என்றார்.

மாமாவின் மாறுவேடம் அதோடு முடிந்தது. விஷயத்தைச் சொன்னோம். அவர் கோபப்படவே இல்லை. தன் வைஃபை கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார். அங்கே இல்லையென்றால் இங்கிருந்து அனுப்பிவிட்டுப் போகட்டும், பாவம், பரீட்சை எழுதப்போகும் பிள்ளை என்றார். நான் டேப்லெட்டை அவருடைய வைஃபையில் இணைத்தேன். சின்னம் முழுசாக விரிந்தது. வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனிலிருந்து இணைப்பு கொடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே வட்டம்.

“அப்ப நான் என்னோட நெட்டையும் சேர்த்துத்தான் திருடியிருக்கேன் போல” என்றார் எதிர்க்கடைக்காரர். சொல்லிவிட்டு எங்களுக்கு மோர் கொடுத்தார். மாமா அதை மிகுந்த வெட்கத்தோடு இரண்டு டம்ளர் குடித்தார்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். மணி நான்கு பதினைந்து. மாமா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இரண்டு வட்டங்களையும் அடித்தார். எதிரிலிருந்து அம்மாளும் அந்தப் பெண்ணும் ஓடி வந்தார்கள். அந்தப் பெண் எங்கள் முகத்தைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், சட்டைப் பையில் குத்தியிருந்த பேனாவை எடுத்துத் திரும்பக் குத்தினாள்.

“மூணு விதமான நெட்டுலயும் வரலன்னா திருடன் வெளியில இல்ல சார்” என்றேன். “பொருளுக்கு உள்ளேயே இருக்கான்.”

“அதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்” என்றார் மாமா. அப்படி அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

ஆனால் அதற்கப்புறம் அவர் செய்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். டேப்லெட்டை நிழல் பக்கம் திருப்பி, அதன் முகப்பின்மேல் பூதக்கண்ணாடியை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தார். மேல் வலது மூலையில் கண்ணாடி நின்றது.

“இது என்னடா, சாவி?”

வைஃபை சின்னத்துக்குப் பக்கத்தில், அரிசி அளவில், ஒரு சாவி. நான்கு நாளாக மூன்று பேர் பார்த்தும் யார் கண்ணிலும் படாத சாவி. பதினோரு வருடத்தில் அந்தக் கண்ணாடி சம்பாதித்த முதல் சம்பளம்.

அது வி.பி.என். சின்னம் என்று எனக்குத் தெரியும். அம்மாளுக்கு விளக்கினேன். அது ஒரு மென்பொருள். இணையத்துக்குப் போகிற வழியில் ஒரு முகமூடி மாட்டிவிடும். நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பீர்கள், அந்தப் பக்கம் இருப்பவனுக்கு நீங்கள் வேறு ஏதோ தேசத்தில் இருப்பதாகத் தெரியும். அதனால்தான் அலுவலகம் உங்களை வெளிநாட்டுக்காரி ஆக்கியது, குமாஸ்தா மேல் தப்பில்லை.

“நான் எதுக்குப்பா முகமூடி போடறேன்?” என்றார் அம்மாள்.

மாமா இதற்குள் இன்னொன்றைப் பிடித்துவிட்டார். முகப்பின் நடுவில் தட்பவெப்பம் காட்டும் கட்டம் உறைந்து நின்றது. நான்கு நாளைக்கு முந்தைய தேதி. பனிப்பொழிவு. மைனஸ் ஆறு டிகிரி.

நாங்கள் நான்கு பேரும் தெருவைப் பார்த்தோம். தார் உருகிக்கொண்டிருந்தது.

“பனி” என்றார் மாமா மெதுவாக. அப்புறம் அந்த உயரமான பெண் பக்கம் திரும்பினார். “நீ என் ஆபீஸ்ல ஏதோ பனின்னு சொன்னியேம்மா.”

அவள் சொன்னாள். இரண்டு வாரமாகவே வாத்தியார் ஒரு மாதிரி. பனி மூடிய சாலையில் வண்டி வழுக்கினால் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கக் கூடாது, லேசாகத் தொட்டுத் தொட்டு விடணும், வீலை எந்தப் பக்கம் திருப்பணும் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். நம்ம ஊரில் ஏது சார் பனி என்று கேட்டதற்கு, வந்தா என்ன பண்ணுவே என்று திருப்பிக் கேட்டார். அதோடு, கார் ஓட்டும்போது நடுவில் பெருமூச்சு விடுகிறார். திட்டுவதே இல்லை.

“திட்டறதில்லையா?” அம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்ப கார்ல வைக்கிற டிஷ்யூ பெட்டி எல்லாம் எப்படிக் காலியாகுது? அண்ணன் திட்டித் திட்டிப் பசங்க அழறாங்கன்னுல்ல நெனச்சேன். ரெண்டு வாரத்துல அஞ்சு பெட்டி.”

மாமா பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு பயங்கரமான சந்தோஷம் வந்தது.

“தொடர்” என்றார். “அண்ணன் தொடர் பார்க்கறார். வெளிநாட்டுத் தொடர். அந்த நாட்டுக்காரனுக்கு மட்டும்தான் காட்டுவான், அதான் முகமூடி. நான் சொல்லல? நாற்பது பாகம் தாண்டினா மனுஷன் மூளை என்ன ஆகும்னு நான் சொல்லல? இதோ ஆகியிருக்கு.”

அந்த முகமூடியைக் கழற்றினால் போதும் என்று நான் அமைப்புப் பக்கத்தைத் திறக்கப் போனேன். நான்கு இலக்க எண் கேட்டது. மாணவர்கள் நோண்டக் கூடாது என்று அண்ணன்தான் பூட்டு போட்டார், எண் தனக்குத் தெரியாது என்றார் அம்மாள். அண்ணனுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார். காரில் உட்கார்ந்திருக்கும்வரை போனைத் தொடாதவர் அவர். வண்டி நின்றிருந்தாலும் தொடமாட்டார். பேருந்துக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

மணி நான்கு இருபத்தைந்து.

ஸ்கூலுக்குள் ஓடி வகுப்புப் பதிவேட்டைப் புரட்டினோம். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் நான்கு மணிக்கு ‘விசேஷ வகுப்பு’ என்று ஒரு வரி. மாணவர் பெயர் கிடையாது. அண்ணன் மிகவும் ஒழுங்கானவர் என்பதால் ஓடிய தூரத்தை மட்டும் மறைக்காமல் எழுதியிருந்தார். போக வர ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர்.

“ஒரு மணி நேர வகுப்புல ஒண்ணே முக்காலே சொச்சம்” என்றார் மாமா. “நடந்தே போயிருக்கலாம். போறதுக்குத் தொள்ளாயிரம் மீட்டர். நெட் சும்மா கிடைக்கற இடமா இருக்கணும். நிழல் வேணும். யாரும் சத்தம் போடக் கூடாது, வசனம் கேக்கணும்ல. இங்கேர்ந்து தொள்ளாயிரம் மீட்டர்ல அப்படி என்ன இருக்கு?”

“நூலகம்” என்றோம் நானும் அந்தப் பெண்ணும் ஒன்றாக. அங்கே வாசலில் இலவச இணையம் என்று பலகையே இருக்கிறது.

“நாலு நாளா டேப்தான் வேலை செய்யலையே. இன்னிக்கும் அங்கே அண்ணன் ஏன் போறார்?” என்றார் அம்மாள்.

“திடீர்னு நிறுத்தினா ஏன்னு நீங்க கேப்பீங்கல்ல” என்றேன். “குத்தவாளிங்க எல்லாரும் ரொம்ப நேரந்தவறாதவங்க அம்மா.”

வாசலில் நின்ற காரில் ஏறினோம். ஓட்டியது அந்தப் பெண். பக்கத்தில், பிரேக் இருக்கும் இருக்கையில், அம்மாள். பின்னால் நாங்கள் இருவரும் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு. அவள் அமைதியாக ஓட்டினாள். கண்ணாடி பார்த்தாள், கை காட்டினாள், மிதிவண்டிக்காரருக்கு வழி விட்டாள். மாமா மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து என் செருப்பை நசுக்கினார்.

நூலகத்தின் பக்கச் சுவர் ஓரம், மரநிழலில், எல் போர்டு கார் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உள்ளே பெரிய மீசை வைத்த ஒரு மனிதர், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, நேர் எதிரே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததிலேயே சோகமான காட்சி அது. மாமா சன்னலைத் தட்டினார். அவர் எங்களைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மாணவியைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார். கண்ணாடி மெதுவாக இறங்கியது.

“தெரிஞ்சிடுச்சா?” என்றார்.

ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அது ஒரு பனி ஊர்த் தொடர். பேருந்து ஓட்டும் ஒரு விதவை. அவளை ஒன்பது வருடமாக மனசுக்குள் வைத்திருக்கும் ஒரு கண்டக்டர், டிக்கெட் கிழிப்பதைத் தவிர வேறு எதுவும் பேசத் தெரியாதவன். அந்த நாட்டுக்கு வெளியே அதைக் காட்டுவதில்லை. இரண்டு வாரம் இலவசம் என்று போட்டிருந்த ஒரு வி.பி.என்னை யாரோ சொல்லி இவர் போட்டுக்கொண்டார். நான்கு நாள் முன்பு அந்த இலவசம் முடிந்துவிட்டது.

“அதுக்கு வி.பி.என். மட்டும்தானே நிக்கணும்?” என்றேன். “மொத்த நெட்டும் ஏன் சார் நின்னுச்சு?”

பிரேக் மாஸ்டர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய பாடம்.

“அதுல ஒரு சுவிட்சு இருந்தது தம்பி. வி.பி.என். இல்லாதப்ப இன்டர்நெட்டைத் தடுக்கவா வேண்டாமான்னு கேட்டான். நான் தடுன்னுட்டேன். பெல்ட் போடாம வண்டி நகரக் கூடாது. தினமும் அதைத்தானே சொல்லித்தர்றேன்.”

நான்கு நாளாக நடந்தது அதுதான். பெல்ட் போய்விட்டது. வண்டி அவருடைய கட்டளைப்படி, மிகவும் கீழ்ப்படிதலோடு, ஓர் அங்குலம்கூட நகராமல் நின்றுகொண்டிருந்தது. இந்த ஊரில் வேறு எவனாக இருந்தாலும் அந்தக் கேள்வியைப் படிக்காமலே தாண்டியிருப்பான். இவர் படித்தார். படித்ததோடு இல்லாமல் மதித்தார்.

மணி நான்கு நாற்பத்தெட்டு. அம்மாள் டேப்லெட்டை அண்ணன் கையில் கொடுத்தார். அவர் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் திறந்தது. சுவிட்சின்மேல் விரலை வைத்தவர் அழுத்தாமல் அப்படியே இருந்தார். பாதுகாப்பு என்று எழுதியிருந்த ஒன்றை அவர் வாழ்நாளில் அணைத்ததில்லை.

“இதைக் கழட்டிட்டு எப்படிம்மா போறது?” என்றார்.

அம்மாள் வாயைத் திறந்தார். அதற்குள் அந்த உயரமான பெண் காருக்குள் குனிந்தாள்.

“சார், வண்டி நின்னாச்சு. ஹேண்ட் பிரேக் போட்டாச்சு. எஞ்சினும் ஆஃப். இப்ப பெல்ட்டைக் கழட்டலாம். நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க.”

பிரேக் மாஸ்டர் அவளை ஒரு தரம் பார்த்தார். முதலில் தன் இடுப்பில் இருந்த சீட் பெல்ட்டைக் கழற்றினார். அப்புறம் சுவிட்சை அணைத்தார்.

சாவி மறைந்தது. ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தேங்கிக் கிடந்த நான்கு நாள் செய்திகளும் டிங் டிங் என்று ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மைனஸ் ஆறு போய் முப்பத்தெட்டு வந்தது. பனிப்பொழிவு இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் சூரியன். நாற்பத்துநாலு டிகிரியை ஒரே மூச்சில் கடந்த அந்தக் கருவி கொஞ்சம் சூடாகக்கூட ஆகவில்லை.

அம்மாள் காரின் பானட்மேல் டேப்லெட்டை வைத்துப் பட்டியலை அனுப்பினார். வட்டம் சுற்றியது. நான்கு ஐம்பத்தாறுக்கு ‘பதிவு ஏற்கப்பட்டது’ என்று வந்தது. அந்தப் பெண் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் அதை என் கையில் கொடுத்துவிட்டாள். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மாமாவுக்கு இது போதவில்லை. குற்றவாளிக்கு நாலு வார்த்தை சொல்லாமல் அவர் எந்த வழக்கையும் முடிப்பதில்லை. மீசை வைத்த மனிதர், இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவர், ஒரு கற்பனைக் கண்டக்டருக்காக ஐந்து பெட்டி டிஷ்யூ செலவழிக்கலாமா என்று கேட்டார். பிரேக் மாஸ்டர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

“தப்புதான் சார். ஆனா அந்த பஸ் பாலத்துல நிக்குது. முன்சக்கரம் ரெண்டும் வெளியில தொங்குது. நாலு நாளா எனக்குத் தூக்கமில்ல.”

“தொங்கட்டும்” என்றார் மாமா. நாங்கள் பத்தடி நடந்தோம். மாமா நின்றார். தொப்பியைச் சரிசெய்தார். திரும்பாமலே கேட்டார். “உள்ளே ஆள் இருக்கா?”

“கண்டக்டர் மட்டும்” என்றார் பிரேக் மாஸ்டர்.

மறுநாள் காலை, இரண்டு மாதமாக எட்டிப் பார்க்காத மழை பத்து நிமிடம் பெய்தது. தேர்வுத் தடத்தில் தூசியும் தண்ணீரும் சேர்ந்து குழைந்து கிடந்தது. எங்கள் ஆள் மூன்றாவது வளைவில் திரும்பும்போது கார் பின்பக்கமாக வழுக்கியது. அவளுக்கு முன்னால் போன இரண்டு பேரும் அதே இடத்தில் பிரேக்கை மொத்தமாக மிதித்துக் கம்பத்தைச் சாய்த்திருந்தார்கள். இவள் லேசாகத் தொட்டாள், விட்டாள், தொட்டாள், விட்டாள், வீலை மெதுவாகத் திருப்பினாள். கார் தன்பாட்டுக்கு நேராகி நின்றது. இதை யார் கற்றுக்கொடுத்தது என்று ஆய்வாளர் கேட்டாராம். எங்க வாத்தியார் என்றாளாம். அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்பதை அவள் சொல்லவில்லை. ரிவர்ஸ் கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் பாஸ். திங்கட்கிழமை எங்கள் தெரு வழியாக ஆம்புலன்ஸை ஓட்டிப்போனாள். உள்ளே நோயாளி யாரும் இல்லாததால் ஒரு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரத்திலிருந்து மாமா நான்கு மணி ஆனால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். ‘விசேஷ விசாரணை’ என்றார். வாடிக்கையாளர் பெயர் கேட்டேன். ரகசியம் என்றார். மூன்று நாள் பொறுத்தேன். நான்காவது நாள் டீ கொடுக்கும் சாக்கில் உள்ளே போனேன்.

மாமா கோப்பு படித்துக்கொண்டிருந்தார். கோப்பு கொஞ்சம் ஒளி விட்டது. காதிலிருந்து ஒரு வெள்ளைக் கம்பி கோப்புக்குள் போனது. நான் டீயை வைத்துவிட்டு, மேசைமேல் இருந்த அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்து, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து கோப்பின் மேல் வலது மூலையைப் பார்த்தேன். அரிசி அளவில் ஒரு சாவி.

டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கண்ணை எடுக்காமலே ஒன்றை உருவிக்கொண்டார்.

“வெங்காயம்” என்றார்.

எங்கள் நிலையத்தில் அடுப்பே கிடையாது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா ஒரு காதுக் கம்பியைக் கழற்றி, என்னைப் பார்க்காமல், என் பக்கம் நீட்டினார்.